வட்டுக்கோட்டையும் மானிப்பாயும்

ஒரு பாடசாலையின் சிறப்பை அளந்தறிதற்கு உலகத்தார் கொண்ட அளவுகோல்கள் பல. கட்டடங்களை எண்ணுவார் சிலர். பரீட்சைச் சித்திகளை எண்ணுவார் சிலர். பழைய மாணாக்கர் வகிக்கும் பதவிகளை எண்ணுவார் வேறு சிலர். இவற்றையெல்லாம் எண்ணி முடித்தபின்னும் எஞ்சி நிற்கும் வினா ஒன்றுண்டு. அப்பாடசாலையிற் கற்றவன் தன்னைப் பெற்று வளர்த்த ஊருக்கு என்ன ஆனான் என்பதே அவ்வினா.

புளியங்குளம் போன்ற வன்னி ஊர்களில் ஆசிரியத் தொழில் புரிவார்க்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. நாடோறும் எதிர்ப்படும் வினா. நன்கு கற்கும் பிள்ளையை நாம் ஊருக்காகக் கற்பிக்கின்றோமா, ஊரை விட்டுப் போதற்காகக் கற்பிக்கின்றோமா என்னும் ஐயம் எழாத ஆசிரியர் இங்கே அரியர். இவ்வையம் நமக்கு முன்னரும் சிலருக்கு எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே யாழ்ப்பாணத்தில் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிமார் இதே வினாவை எதிர்கொண்டு, ஒன்றுக்கொன்று மாறான இரு விடைகளைச் செய்து பார்த்தனர். ஒன்று வட்டுக்கோட்டையில் நிகழ்ந்தது. மற்றது மானிப்பாயில் நிகழ்ந்தது. அவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குதல் இன்றைக்கும் பயன் தருவதாகும்.

வந்தோரும் தடுத்தோரும்

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டானியல் பூவர், மெய்க்ஸ், றிச்சர்ட்ஸ், உவாரன் முதலியோர் 1816 ஆம் ஆண்டிலே இலங்கையை அடைந்து, அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கினர். பூவர் தெல்லிப்பழையிலும் மெய்க்ஸ் வட்டுக்கோட்டையிலும் தங்கினர். பறங்கியரும் ஒல்லாந்தரும் கைவிட்டுச் சென்ற பழைய கோயிற் கட்டடங்களே அவர்க்கு முதலில் இடங்கொடுத்தன. கூரையிழந்த சுவர்களைப் பழுது பார்த்து, அருகே கொட்டிலிட்டுப் பிள்ளைகளைச் சேர்த்தனர். தெல்லிப்பழையில் 1816 இலேயே பாடசாலை தோன்றியது. 1824 இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கென ஒரு விடுதிப் பாடசாலை எழுந்தது. அதனைத் தொடங்கி நடத்தியவர் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊர் வினாவிய காலம் அது என்பதை நினைந்தால் அம்முயற்சியின் அருமை புலப்படும்.

ஊர்ப் பாடசாலைகளோ மிகப் பல. அவற்றிற் கற்பிக்கக் கிறித்தவ ஆசிரியர் போதாமையால், சைவ ஆசிரியர்களையே மிஷனரிமார் அமர்த்தினர். மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளைகள், பின்னர் ஏட்டில் எழுத்தாணியாலும் எழுதினர். திண்ணைப் பள்ளியின் முறை பெரிதும் மாறவில்லை. வேதாகமப் பாடமும் அச்சுப் புத்தகமும் அதனோடு வந்து சேர்ந்தன.

இவர்களின் வரவை ஆங்கில அரசாங்கம் உவந்து ஏற்றது என்று எண்ணுவார் உளர். அது முற்றும் பொருந்தாது. 1820 இலே அச்சுத் தொழில் வல்ல காரற் என்பார் அமெரிக்காவிலிருந்து வந்திறங்கியபோது, அப்போது ஆட்சியிலிருந்த எட்வேட் பாண்ஸ் அவரைத் தங்கவிடாது திருப்பி அனுப்பினார். புதிதாக அமெரிக்கர் எவரும் வந்து சேர்தல் கூடாது என்ற தடை 1833 வரையில் நிலவியது. மிஷனுக்கென வந்த அச்சியந்திரம் நல்லூரில் இருந்த ஆங்கிலத் திருச்சபை மிஷனாரின் கைக்குச் சென்று, தடை நீங்கிய பின்னரே மீண்டு மானிப்பாயை அடைந்தது. எனினும், முன்னரே வந்திருந்தோரை அரசு வெளியேற்றவில்லை. அந்த ஒரு சலுகையினாற் பின்னே விளைந்தவை பல.

அச்சலுகையின் பெறுமதியை உணர்தற்கு, அதே காலத்திற் பிறிதொரு நாட்டில் நிகழ்ந்ததை ஒப்பு நோக்கலாம். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து மிஷனார் 1820களிலே உருசியப் பேரரசின் தென்கோடியாகிய காக்கேசிய மலைநாட்டுக்குச் சென்று, ஷூஷா என்னும் ஊரிற் பாடசாலையும் அச்சுக்கூடமும் அமைத்தனர். பிற்காலத்திற் சோவியத் ஒன்றியத்துள் அடங்கி, அது குலைந்தபின் அசர்பைஜான் எனத் தனித்த நாட்டின் பகுதி அவ்வூர். டிற்றிறிச், சறெம்பா, பாண்டர் என்போர் அங்கே அருமேனியரின் பேச்சு வழக்கை எழுத்து நடையாக்க முயன்றனர். பாரசீகம் முதலிய மொழிகளில் நூல்கள் இயற்றினர். ஆயின் 1835 இலே சார் மன்னன் முதலாம் நிக்கலஸின் ஆணையொன்று பிறந்தது. மிஷன் மூடப்பட்டது. ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்பு அவ்வளவில் முடிந்தது. பாண்டர் பின்னர் இந்தியாவுக்கு வந்து ஆக்கிராவிற் பணிபுரிந்தார். 1834 இலேயே மங்களூரில் வந்திறங்கியிருந்த பாசல் மிஷனாரின் முயற்சி மேலைக் கடற்கரையிற் பெருகிற்று. குண்டர்ட் தொகுத்த மலையாள அகராதி 1872 இல் வெளிவந்தது அம்முயற்சியின் ஒரு பயன். ஆணை ஒன்றினால் ஒரு பள்ளியை மூடிவிடலாம் என்பதை ஷூஷா காட்டுகின்றது. எவரும் ஆணையிடாமலே ஒரு பள்ளி மூடப்படுதலும் உண்டு. அதனை வட்டுக்கோட்டை காட்டும்.

வட்டுக்கோட்டை தந்த விடை

தமிழ் இளைஞர்க்கென ஓர் உயர் கல்லூரி நிறுவ வேண்டும் என்னும் திட்டத்தை மிஷனரிமார் 1823 இல் அச்சிட்டு வெளியிட்டனர். கல்லூரி என்னும் உரிமையை அரசு வழங்காமையால், அது முதலில் மத்திய பாடசாலை எனவும், 1827 முதல் செமினரி எனவும் பெயர் பெற்றது. வட்டுக்கோட்டைச் செமினரியின் முதல் அதிபர் டானியல் பூவர். அவருக்குப் பின் ஹொய்சிங்டன் அப்பொறுப்பை ஏற்றார்.

அங்கே கற்பிக்கப்பட்டவற்றை நோக்கின் வியப்பு உண்டாகும். ஆங்கிலம், தமிழ், கணிதம், வீசகணிதம், கேத்திரகணிதம், வானசாத்திரம், இயற்கை விஞ்ஞானம், தருக்கம், வேதாகமம் என விரிந்தது பாடத்திட்டம். தமிழிலக்கணமும் இலக்கியமும் ஆங்கிலத்தோடு உடன் கற்பிக்கப்பட்டன. தமிழ்க் கல்வியை வளர்த்தல் நிறுவனத்தின் நோக்கங்களுள் ஒன்று என்பதை முதற்றிட்டமே கூறிற்று. பிற்காலத்தில் அங்கே சென்று கண்ட எமேசன் தெனென்ற், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத் தக்கது அச்செமினரி எனத் தம் நூலிற் போற்றியுள்ளார்.

மாணாக்கர் விடுதியிலே தங்கிக் கற்றனர். உணவும் உடையும் மிஷன் அளித்தது. அச்செலவை ஏற்ற அமெரிக்க அன்பர் பலர், தாம் காணாத அப்பிள்ளைகளுக்குத் தம் பெயரையோ தாம் மதித்தோர் பெயரையோ இடுவித்தனர். சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனதும், விசுவநாதபிள்ளை கறல் என வழங்கப் பெற்றதும், சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனதும் இவ்வாறே. பெயரை விலையாகக் கொடுத்துக் கல்வி பெற்றனர் என்று இதனை இகழ்வாரும் உளர். ஆனால் அப்பெயர் தாங்கியோர் செய்த தமிழ்ப்பணியை எவரும் இகழ்தற்கில்லை. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1850 இல் நியாய இலக்கணம் என்னும் தருக்க நூலைத் தமிழில் இயற்றினார். கறல் விசுவநாதபிள்ளை 1855 இல் வீசகணிதத்தைத் தமிழில் தந்தார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, 1841 இல் தோன்றிய உதயதாரகைப் பத்திரிகையின் ஆசிரியராய் நெடுங்காலம் விளங்கி, 1886 இல் பாவலர் சரித்திர தீபகத்தை வெளியிட்டார்.

வானசாத்திரம் அங்கே வெறும் பாடமாக மட்டும் நிற்கவில்லை. 1829 ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைப் பற்றி ஊர்ப் பஞ்சாங்கம் கணித்திருந்த கணக்கில் வேறுபாடு உண்டு என்று பூவர் முன்கூட்டியே எடுத்துக் கூறினார். கிரகண நாளில் அவர் கணிப்பே பொருந்திற்று. இதனைக் கிறித்தவத்தின் வெற்றியாக மிஷனரிமார் பேசினர். உண்மையில், வேறுபாடு மிகச் சிறிது. தொலைநோக்கி இன்றி, தலைமுறை தலைமுறையாக வந்த வாக்கியக் கணிதத்தைக் கொண்டு அத்துணை அணுகிக் கணித்த நம் சோதிடரின் திறமையும் அதனால் வெளிப்பட்டது என்பதே நடுநிலையான கருத்தாகும். ஹொய்சிங்டனும் நம் நூல்களை இகழ்ந்து ஒதுக்கினாரல்லர். சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்திற் பெயர்த்து 1854 இல் அமெரிக்காவில் வெளியிட்டார். மதம் மாற்ற வந்தவர் மாற்ற விரும்பிய மதத்தின் தத்துவத்தைப் பயின்று உலகுக்கு உரைத்தமை எண்ணி மகிழத் தக்கது.

செமினரியின் புகழ் உச்சியை அடைந்தது யாழ்ப்பாணத்தில் அன்று, சென்னையில். 1857 இலே சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றபோது, அதன் முதற் பட்டதாரிகளாகத் தேறியவர் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும். இருவரும் வட்டுக்கோட்டையிற் கற்றோர். தாமோதரம்பிள்ளை கலித்தொகையை 1887 இல் அச்சேற்றினார். ஏட்டிலே செல்லரித்துக் கொண்டிருந்த பழந்தமிழ் நூல்கள் நம் கைக்கு வந்ததில் அவர்க்குள்ள பங்கைத் தமிழ் கற்றோர் நன்கறிவர்.

ஆயின், அப்பட்டம் அவர் பெற்ற காலத்தில் அவர் கற்ற செமினரி இல்லை. 1855 இலேயே அது மூடப்பட்டுவிட்டது.

மூடிய காரணம்

1837 இல் அமெரிக்காவில் நேர்ந்த வணிக நெருக்கடியாற் பணம் வருதல் குன்றி, ஊர்ப் பாடசாலைகள் பல மூடப்பட்டதுண்டு. செமினரியோ பணமின்மையால் மூடப்பட்டதன்று. தலைமைச் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் அன்டசன் தலைமையில் வந்த தூதுக்குழு, 1855 இல் நேரில் ஆராய்ந்து இம்முடிவைச் செய்தது. ஊர்தோறும் சென்று தாய்மொழியிற் போதிக்கும் தமிழ்ப் போதகரை உருவாக்குதலே மிஷனின் நோக்கம். செமினரியிற் கற்றோரோ ஆங்கிலப் புலமையாற் பெருஞ்சம்பளம் பெறும் அரசாங்க உத்தியோகங்களை நாடினர். கொழும்புக்கும் இந்தியாவுக்கும் சென்றனர். கற்பித்தலில் அச்செமினரி தோற்கவில்லை. மிக நன்றாகக் கற்பித்தமையாலேயே தன் நோக்கத்திற் தோற்றது.

இம்முடிவைப் பலர் கண்டித்தனர். மிஷனரிமாருள்ளும் உடன்படாதார் இருந்தனர். யாழ்ப்பாணத்தவரோ மூடப்பட்ட கல்லூரியை மறவாது வேண்டி நின்றனர். 1872 இலே அதே வட்டுக்கோட்டை மண்ணில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது அவ்வேண்டுகோளின் பயனாகும். ஊரார் வேண்டியது ஆங்கிலக் கல்வியையே என்பதும் இதனால் தெளிவாகும். ஆங்கிலத்தை வந்தோர் நம்மீது சுமத்தினர் என்று மட்டும் கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. வந்தோர் ஒருகால் ஆங்கிலத்தைக் குறைக்க முற்பட்டபோது, நாமே அதனைக் கேட்டு வாங்கினோம். சோறு எம்மொழியில் இருந்ததோ அம்மொழியைப் பெற்றோர் நாடினர். அதில் அவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

1848 ஆம் ஆண்டு

செமினரி நடந்து கொண்டிருந்த காலத்திலேயே, யாழ்ப்பாணத்தில் வேறு இரு முயற்சிகள் ஒரே ஆண்டில் முளைத்தன. அவற்றைச் செய்தோர் இருவரும் 1822 ஆம் ஆண்டிற் பிறந்தவர். ஒருவர் நல்லூர் ஆறுமுக நாவலர். மற்றவர் அமெரிக்காவில் உவூஸ்ரர் நகரிற் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் வைத்தியர்.

நாவலர் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத் தமிழ்மொழிபெயர்ப்பில் உதவியவர். 1848 இல் அத்தொழிலை விடுத்து, வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மிஷனரிமாரை எதிர்க்க அவர் எடுத்த கருவிகள் எவை? பாடசாலை, அச்சியந்திரம், படிமுறையாக அமைந்த பாலபாடம், கேட்போர்க்கு விளங்கும் உரைநடை, பிரசங்கம். இவற்றைக் கையாளும் வகையை அவர் மிஷனரிமாரிடத்திலேயே கண்டறிந்தார். எதிரியின் கருவியைக் கைக்கொண்டு தன் பொருளைக் காத்தல் அறிவுடையோர் செயல். வசன நடை கைவந்த வல்லாளர் என நாவலரைப் போற்றும் நாம், அந்நடை எத்தகைய போட்டியிற் கூர்மை பெற்றது என்பதையும் நினைதல் வேண்டும்.

கிறீன் வைத்தியர் 1847 இல் யாழ்ப்பாணத்தை அடைந்தார். 1848 இல் மானிப்பாயிற் குடியேறி, நோயாளரைப் பார்ப்பதோடு மாணாக்கர் சிலர்க்கு வைத்தியங் கற்பிக்கவும் தொடங்கினார். செமினரியின் வினாவுக்கு வேறொரு விடை இங்கேதான் உருவாயிற்று.

மானிப்பாய் தந்த விடை

தொடக்கத்திற் கிறீன் கற்பித்தது ஆங்கிலத்திலேயே. அதன் விளைவையும் அவர் விரைவிற் கண்டார். ஆங்கிலத்தில் வைத்தியங் கற்றவர் அரசாங்க வேலையை நாடி அயலூர்க்குப் போயினர். வாந்திபேதியால் மக்கள் மடியும் ஊர்களில் தங்குவார் இலர். ஆகவே 1860களில் அவர் தம் முறையை மாற்றினார். முழுவதும் தமிழிலேயே கற்பிப்பது என்றும், தமிழிற் கற்றவன் தமிழ் ஊரில் நிற்பான் என்றும் துணிந்தார். தம் மாணாக்கர் வேட்டி சால்வையை விடுத்துக் காற்சட்டைக்கும் தொப்பிக்கும் மாறுதலை அவர் விரும்பவில்லை. கிறித்தவராதல் வேறு, தமிழரல்லாராதல் வேறு என்பது அவர் கொள்கை. அக்காலத்து மிஷனரிமாருள் இவ்வளவு தெளிவாக இதனை உணர்ந்தோர் மிகச் சிலரே.

தமிழிற் கற்பிக்க நூல் வேண்டுமன்றோ? 1852 இலேயே கற்றர் என்பாரின் நூல் அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்னும் பெயரோடு வெளிவந்தது. 1857 இல் பிரசவ வைத்தியமும், 1867 இல் இரண வைத்தியமும், 1872 இல் வைத்தியாகரமும், அதே ஆண்டில் மனுஷ அங்காதிபாதமும், 1875 இல் கெமிஸ்தமும் அச்சேறின. மாணாக்கர் துணையோடு இவ்வாறு வெளியிட்டவை நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்படும். மனுஷ அங்காதிபாதம் என்பது உலகப் புகழ்பெற்ற கிறே என்பாரின் உடற்கூற்று நூல். இலண்டனில் 1858 இல் முதன்முதல் வெளிவந்த அந்நூல், பதினான்கே ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலே தமிழிற் கிடைத்தது. விமானம் நம் ஊரை எட்டாத காலத்தில் இது நிகழ்ந்தது.

இந்நூற் பெயர்களைச் சொல்லாராய்ச்சி செய்வார்க்கு ஒரு நெறி விளங்கும். புதிய பொருளுக்குச் சொல் தேடுங்கால், தமிழில் வழங்கும் சொல்லை முதலில் நாடுவது. அது கிடையாதவிடத்து வடமொழியை நாடுவது. அதுவும் இயலாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்பத் திரித்துக் கொள்வது. இதுவே கிறீன் வகுத்த முறை. இரணம் என்பதும் பிரசவம் என்பதும் ஊரார் நாவில் வழங்கிய சொற்கள். அங்காதிபாதம் என்பது நம் நாட்டு வைத்தியர்க்கும் அறிமுகமானது. கெமிஸ்தம் என்பது ஆங்கிலச் சொல் தமிழ் ஈறு பெற்று வந்தது. உற்பாலனம் என்பது சுகாதாரத்தைக் குறித்தது. இவற்றுள் சில நிலைத்தன, சில வழக்கொழிந்தன. சுகாதாரம் வந்தபின் உற்பாலனத்தை இன்று அறிவார் இலர். அது குறையன்று. சொல் நிலைப்பதும் நிலையாமையும் வழக்கின் பாற்பட்டவை. முதலிற் சொல்லைப் படைத்து அதனாற் கற்பித்துக் காட்டுதலே அரிய செயல். கிறீன் சொற்றொகுதிகளைத் தனியே அச்சிட்டும் உதவினார். இன்று கலைச்சொல்லாக்கத்திற்குக் குழுக்கள் பல இருப்பினும், ஒரு நோயாளியின் கட்டிலருகே நின்று அச்சொல்லைப் பயன்படுத்திப் பார்க்கும் வாய்ப்பு அக்குழுக்களுக்கு இல்லை. கிறீனுக்கு இருந்தது.

அவரிடங் கற்றுத் தேறியோர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர். உடல்நலங் குன்றி 1873 இல் அவர் தாய்நாட்டுக்குத் திரும்பினார். திரும்பிய பின்னும் தமிழை விடவில்லை. மனுஷ சுகரணம் 1883 இலும், இந்து பதார்த்த சாரம் 1884 இலும் வெளிவந்தன. அவர் மறைந்ததும் 1884 இலேயே. தமிழருக்கு வைத்திய ஊழியன் என்று தம் கல்லறையிற் பொறிக்கச் செய்தவர் அவர். மானிப்பாயில் இன்றும் அவர் பெயரால் வைத்தியசாலை ஒன்று நிற்கின்றது.

அவ்விடையும் நிலையாமை

இத்துணைச் சிறந்த முயற்சி ஏன் தொடரவில்லை? தமிழில் வைத்தியம் கற்பித்தல் இயலாது என்பதனாலா? அன்று. இயலும் என்பதற்கு நாலாயிரம் பக்கங்கள் சான்று. உண்மைக் காரணம் வேறு. 1870 இலே கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி தோன்றிற்று. அதன் மொழி ஆங்கிலம். அதிற் கற்றோர்க்கே அரசாங்கத்தின் அங்கீகாரமும் சம்பளமும் கிடைத்தன. மானிப்பாயில் தமிழிற் கற்றவர் எவ்வளவு வல்லவராயினும், அவர்க்கென ஒரு பதவியை அரசு வகுக்கவில்லை. ஆசான் சென்றபின் வகுப்பும் நெடுநாள் நிலைக்கவில்லை.

ஆகவே இரு விடைகளையும் ஒருங்கு நோக்குமிடத்து நாம் பெறும் உண்மை இது: வட்டுக்கோட்டைக் கல்விக்கு வேலை இருந்தது, ஊர் இல்லை. மானிப்பாய்க் கல்விக்கு ஊர் இருந்தது, வேலை இல்லை. மொழிப்பற்று ஒன்றினால் மட்டும் ஒரு மொழி கல்விமொழியாய் வாழாது. அம்மொழியிற் கற்றவன் உண்ணவும், பிறரால் மதிக்கப்படவும் வழி இருத்தல் வேண்டும். கிறீன் முதலாவதைச் செய்தார். இரண்டாவதைச் செய்யும் அதிகாரம் அவர் கையில் இருக்கவில்லை.

வன்னிக்கு இதனால் என்ன?

யாழ்ப்பாணத்தில் ஊர்தோறும் பாடசாலை எழுந்த காலத்தில், வன்னி காடடர்ந்து குளங்கள் தூர்ந்து கிடந்தது. காய்ச்சலுக்கு அஞ்சி எவரும் வந்து தங்காத நிலம் என இது பேர்பெற்றிருந்தது. கல்வியில் வடக்கே இருந்த வளமும் இங்கிருந்த வறுமையும் அன்றே தொடங்கியவை. 1905 இல் புகையிரதம் வன்னியை ஊடறுத்துக் காங்கேசன்துறை வரை சென்றது. அது யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் இணைத்தது; இடையிலுள்ள ஊர்களோ வண்டி நின்று செல்லும் இடங்களாகவே இருந்தன.

1940களில் இலவசக் கல்வியும் தாய்மொழிக் கல்வியும் வந்தன. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் மிஷன் பாடசாலைகளிற் பெரும்பாலன அரசின் பொறுப்பாயின. தெல்லிப்பழை யூனியன் கல்லூரியும் அவ்வாறு அரசைச் சேர்ந்தது. யாழ்ப்பாணக் கல்லூரியும் உடுவிலும் தனித்து நின்றன. விஞ்ஞானம் தமிழிற் கற்பிக்கப்பட்டது. கிறீன் ஒரு நூற்றாண்டுக்கு முன் தனியனாய்ச் செய்த சொல்லாக்கத்தை அரசகரும மொழித் திணைக்களத்தார் குழுவாக அமர்ந்து செய்தனர். வன்னிப் பிள்ளையும் பௌதிகத்தையும் உயிரியலையும் தன் மொழியிற் கற்று மருத்துவ பீடம் புகுதற்கு வழி திறந்தது. 1997 இல் புளியங்குளம் போர்முனையாகி, ஊர் முழுதும் இடம்பெயர்ந்த நாள்களிலும் வன்னியில் மரநிழலிலும் கொட்டில்களிலும் அக்கல்வி தொடர்ந்தது. 2009 இல் போர் முடிந்தபின் சுவர்கள் மீண்டும் எழுந்தன.

எனினும் பழைய வினா அவ்வாறே இருக்கின்றது. உயர்தரம் வரையில் தமிழிற் கற்ற பிள்ளை மருத்துவ பீடத்துள் நுழைந்தவுடன் ஆங்கிலத்துக்கு மாறுகின்றது. தேறி வெளிவருங்கால், தன் ஊர்த் தாயொருத்திக்கு அவள் நோயை அவள் மொழியில் விளக்கும் சொல் அதன் நாவில் இல்லை. வயிற்றுள் எரிவையும் குத்தலையும் குடைச்சலையும் வேறுபடுத்திச் சொல்லத் தெரிந்தவள் அத்தாய். கேட்டு வேறுபடுத்தி அறிய வல்லவரே வைத்தியர். வேற்றுமொழி பேசும் வைத்தியர் வன்னிக்கு நியமனம் பெற்று வருங்கால், இடைவெளி இன்னும் பெரிதாகின்றது. அவரும் தம் மாற்றத்துக்கு நாளெண்ணுவார். பாடசாலைகளுக்கு வரும் ஆசிரியருட் பலரின் நிலையும் அதுவே.

இங்கே சிலர், ஆங்கிலத்தைக் கைவிட்டால் எல்லாம் சீராகும் என்பர். அது மானிப்பாயின் பிழையை மீளச் செய்வதாகும். வேறு சிலர், தமிழில் விஞ்ஞானங் கற்பிப்பதே வீண், தொடக்கம் முதல் ஆங்கிலமே போதும் என்பர். அது வட்டுக்கோட்டையின் பிழையை மீளச் செய்வதாகும். செய்யத்தக்கவை இரண்டு. மருத்துவ பீடத்தில் ஆங்கிலத்தோடு தமிழிலும் நோயாளியோடு உரையாடும் பயிற்சி கட்டாயமாதல் வேண்டும். அதற்கெனக் கிறீனின் நூல்கள் முதலாகப் பழஞ்சொற்களை ஆராய்ந்து வழங்கத்தக்கவற்றை மீட்டல் வேண்டும். தாதியர், மருத்துவ மாதர், விவசாயப் போதனாசிரியர் முதலாக ஊரிலே நின்று தொழில் புரிவோரைத் தமிழிலேயே பயிற்றி, பயின்றவர்க்கு அவர்தம் ஊரிலேயே நிரந்தர நியமனம் அளித்தல் வேண்டும். முன்னதைப் பல்கலைக்கழகத்தார் செய்யலாம். பின்னது அரசின் கடன்.

மதம் பரப்ப வந்த ஓர் அயல்நாட்டு வைத்தியர், தமிழிற் கற்றவன் தமிழ் ஊரில் நிற்பான் என்று நம்பினார். அந்நம்பிக்கை பொய்யன்று. அவனை நிற்க வைக்கும் வேலையை எவரும் கொடுக்கவில்லை என்பதே உண்மை. அவ்வேலையை இன்று கொடுக்கக்கூடிய நிலையில் ஆட்சியாளரும் கல்வி அதிகாரிகளும் இருக்கின்றனர். அதனை இடைவிடாது கேட்டு நிற்றல் ஆசிரியர் கடனாகும்.